நூறு நொடி

நூறு நொடிக்கு மேல் யாரும் பார்ப்பதில்லை
என்றது நிதி தந்த அலுவலகம்.
பூமிக்கு நானூற்றைம்பது கோடி வயது.
நொடிக்கு நாலரைக் கோடி வருஷம் என்று
ஓட்டிவிட்டால் போச்சு என்றாள் நுர்சாதா,
கையுறையைப் பல்லால் கழற்றிக்கொண்டே.

நான் வெட்டுகிறவன்.
அவளுடைய இருமல், அவளுடைய "அப்புறம்",
கதவிடுக்கில் மூக்கை நுழைக்கும் நாய்,
எல்லாம் என் கத்தரிக்குத்தான்.
நாரின் நகரத்து நூலகத்தின் நிலவறை,
கொதிகலன் அறைக்கு ஒட்டினாற்போல் எங்கள் ஸ்டுடியோ.
ஒரு மேசை, ஒரு மைக்,
எதிரொலியைக் குடிக்கச் சுவர் முழுக்கக் கம்பளி.

முதல் படம், சூரியன்.
ஆப்ரிகாட் பழம் ஒன்று சூரியன்.
உப்புத் துகள் ஒன்று நாம்.
இடையில் நாலரை மீட்டர்.
பின்வாங்கிப் பின்வாங்கி
என் முதுகு சுவரில் இடித்தது.
இரண்டும் ஒரு சட்டகத்தில் அடங்கவில்லை.
பழத்தைத் தின்றுவிட்டு அவள் சொன்னாள்:
"இந்தப் படத்தை ஐந்து முறை பாருங்கள்.
முதல் தடவை தொட்டபோது
சூரியனை விட்டுக் கிளம்பிய வெளிச்சம்
ஐந்தாம் தடவை முடியும்போதுதான்
உங்கள் ஜன்னலுக்கு வரும்."

தொருகார்த் கணவாயிலிருந்து
லாரி ஓட்டுகிற சாகின்பெக் எழுதியிருந்தார்:
சுங்கச்சாவடி வரிசையில் நிற்கிறேன்.
ஐந்து முறை பார்த்தேன்.
வெளிச்சம் வந்துவிட்டது.
கேட் இன்னும் திறக்கவில்லை.

இரண்டாவது, அணைக்கட்டு.
நீர் விழும், சுழலி சுற்றும்,
கம்பி வழியாக ஓடிவந்து
இதோ உங்கள் வீட்டு விளக்கில் என்று
விரலை உயர்த்தினாள்.
மின்சாரம் போனது.
ஜனவரியில் மூன்று மணியென்றால் வெட்டு,
நாங்கள்தான் மறந்திருந்தோம்.
இருட்டுக்குள் அவள் சிரிப்பு மட்டும்
எட்டு நொடி பதிவாகியிருந்தது.
நானும் என் பங்குக்கு வெட்டினேன்.
வெட்டியிருக்கக் கூடாது.

மூன்றாவது, நிலநடுக்கம்.
பாறைக்குள் இரண்டு அலைகள் கிளம்பும்,
ஒன்று வேகம், ஒன்று மெதுவு,
வேகமானது சேதி, மெதுவானது அடி
என்று சுருள்கம்பியை இழுத்துக் காட்டும்போது
தேநீர்க் கிளாசில் கிடந்த கரண்டி
கிணுகிணுத்தது.
மேசையை உதைக்காதே என்று
கண்ணாலேயே என்னை அதட்டினாள்.
என் கால்கள் அங்கே இல்லை.
அதைப் பார்த்தாள்.

மைக்கோடு மேசைக்கடியில் போய்விட்டாள்.
பிர். எக்கி. உச். தொர்த்.
நான்கு என்று வாய் மூடுமுன்
அறை தூக்கிப் போட்டது.
விளக்கு ஆடியது, கம்பளி ஆடியது,
தலைக்கு மேலே அலமாரி அலமாரியாகப்
புத்தகங்கள் குதித்தன.
மேசைக்கடியிலிருந்து ஒரு குரல்:
"நாலெட்டு முப்பத்திரண்டு.
சுமார் முப்பத்திரண்டு கிலோமீட்டருக்கு அப்பால்."
அப்புறம், வேறு தொனியில்,
"நீ எங்கே இருக்கிறாய்?"

யாருக்கும் அடியில்லை.
கொதிகலன்காரர் தபில்தி ஒற்றைச் செருப்போடு ஓடிவந்து
எங்களைத் திட்டினார்,
நாங்கள்தான் செய்தோம் என்பதுபோல.
சுவரில் ஒரு விரிசல்,
நூலகர் அதன்மேல் நாட்காட்டி மாட்டினார்.

அலுவலகம் படத்தைத் திருப்பி அனுப்பியது.
நாற்பது நொடி ஆசிரியையே திரையில் இல்லை,
வெறும் நாற்காலி.
மேலும், நூற்றுப் பதினோரு நொடி.
பதினொன்றைக் குறைக்கவும்.

ராத்திரி முழுக்கத் தேடினேன்.
கரண்டியை வெட்ட முடியாது.
எண்ணிக்கையை வெட்ட முடியாது.
"நீ எங்கே இருக்கிறாய்" என்பதில்
பாடம் ஏதுமில்லை, அதில் கை வைத்தேன்,
எடுத்துவிட்டேன்.
விடியும்போதுதான் கண்ணில் பட்டது,
தொடக்கத்தில் குழலிசையோடு சுழன்று வரும்
அலுவலகத்தின் சின்னம்:
சரியாகப் பதினோரு நொடி.

பள்ளிகளில் இப்போது
மேசைக்கொரு கிளாசும் கரண்டியும் வைக்கிறார்களாம்.
சாகின்பெக் தன் லாரியிலும் வைத்துப் பார்த்து
அந்தச் சாலையில் அது நிற்பதே இல்லை என்று எழுதினார்.

நானும் தலைமாட்டில் வைத்திருக்கிறேன்.
நள்ளிரவில் மெல்லக் கிணுகிணுக்கும்.
பிர். எக்கி. உச்.
குளிர்பெட்டி ஓடி நிற்கும்.
கரண்டியும் நிற்கும்.
நான் மட்டும்
நான்காவது எண்ணை வாயில் வைத்துக்கொண்டு
படுத்திருப்பேன்.